எட்டுப் போட்டும் மூன்றேகால்

கலியாணக் கார்ட் ஒரு நாள் பிந்தினால் திட்டு விழும். பிறகு சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். கல்வெட்டு பிந்தக்கூடாது. முப்பத்தோராம் நாள் ஒருமுறைதான் வரும்.

இது ஜீவராஜின் தொழில் விதி. வெள்ளவத்தையில், காலி வீதியை விட்டுக் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய சிறு அறைதான் அவருடைய கடை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், இரண்டு பிளாஸ்டிக் கதிரை. ரயில் போகும்போது கண்ணாடிக் கதவு நடுங்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. பெயரில் மட்டும் கல், பொருள் கடதாசி. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, மருமக்களின் புலம்பல், கடைசியில் வம்சாவளி. எழுத்தைத் தட்டி, படத்தைத் துப்புரவாக்கி, பக்கம் கட்டி அச்சகத்துக்கு அனுப்புவது ஜீவராஜின் வேலை.

அவருடைய சனத்தில் இந்த வழக்கம் இல்லை. அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தாய் பேச்சியம்மா அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குக் கொழும்பு வந்தவர். தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவர். தகப்பன் செத்தபோது பதினாறாம் நாள் கருமாதியோடு காரியம் முடிந்தது. யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் பில் புத்தகம் கட்டப் போனார். அங்கே கணினி வந்தபோது தட்டெழுத்தில் விரல் வேகமாக ஓடியது அவருக்குத்தான். அதற்குப் பிறகு விரல் நிற்கவில்லை. கோண்டாவில், கரவெட்டி, புங்குடுதீவு என்று எந்த ஊரைச் சொன்னாலும் அந்த ஊர்க் கோயிலின் பெயரையும் நாலு குடும்பங்களின் கொடுக்கல் சம்பந்தங்களையும் சொல்வார். ஓர் ஊரையும் கண்ணால் கண்டதில்லை.

சிவானந்தன் அதே கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தவர். நிலஅளவைப் படம் வரையும் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். போரில் ஊர் வீடு போனபோது ஆல்பங்களும் போயின. கடைசி வருடங்களில் அவர் ஒரே வேலையில் மூழ்கியிருந்தார். தன் பக்கத்திலும் மனைவி அன்னபாக்கியத்தின் பக்கத்திலும் உள்ள எல்லோருடைய படங்களையும் டொரொண்டோ, லண்டன், ஒஸ்லோ என்று தேடி, தொலைபேசியில் கெஞ்சி வாங்கினார். பெரிய தாளில் பென்சிலால் குடும்ப மரத்தைக் கீறி, முகம் வர வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டம் போட்டார். வட்டங்களை நிரப்புமுன் மாரடைப்பு வந்தது.

அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு கழிந்த மறுநாள் மகள் சாருஜா அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தாள்.

“அண்ணா, அம்மா ஒண்டுதான் கேக்கிறா. இந்த மரம் கல்வெட்டிலை வரவேணும். ஒரே தாளிலை. ஒருத்தரும் விடுபடக்கூடாது.”

“ஒரே தாள்னா, கடைசியில மடிச்சு வச்சு விரிச்சுப் பாக்கிற மாதிரி செய்யணும். செய்யலாம் தங்கச்சி.”

“முகம் தெரியவேணும். அம்மாவுக்குக் கண் அவ்வளவு இல்லை. சின்னனாப் போட்டா ஆர் எவர் எண்டு பிடிபடாது.”

“படத்தையெல்லாம் அனுப்புங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

வாயால் சொன்னது எளிது. பக்கம் கட்டும் அவருடைய பழைய மென்பொருளுக்குப் படம் என்றாலே ஒவ்வாது. ஆகவே மரத்தைப் படம் திருத்தும் மென்பொருளில் அமைத்தார். அதுவும் பழையதுதான். முகங்களை ஒவ்வொன்றாகக் கலியாணக் கூட்டங்களிலிருந்தும் பிறந்தநாள் மேசைகளிலிருந்தும் வெட்டியெடுத்து, வட்டத்துள் வைத்து, பெயர் அடித்தார். ஒவ்வொரு முகமும் தனி அடுக்கு. பெயர் வேறு அடுக்கு. இடம் மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டுமே. சிவானந்தனின் பக்கம் முடியும்வரை கணினி முனகிக்கொண்டு இழுத்தது. அன்னபாக்கியத்தின் பக்கம் பாதி ஏறியதும், போதிய நினைவகம் இல்லை என்று ஒரு பெட்டி திரையில் வந்தது. மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. திறந்தார். இரண்டு முகம் சேர்த்தார். மறுபடி மூடியது.

அந்த நேரம் பார்த்துச் சிவானந்தனின் தம்பி முத்துலிங்கம் கல்கிசையிலிருந்து வந்து சேர்ந்தார். வங்கி முகாமையாளராக இருந்தவர். எதையும் தீர்த்துவிட்டுத்தான் எழும்புவார்.

“என்ன தம்பி, மரம் வளருதோ, பட்டுப்போச்சோ?”

“மெஷின் தாங்க மாட்டேங்குதுங்க ஐயா. படம் கூடிப்போச்சு.”

“அப்ப ஆக்களைக் குறையும். வெளிநாட்டிலை பிறந்த சின்னஞ்சிறுசுகள் ஏன்? அதுகளுக்கு இந்தத் தாளும் ஒண்டுதான், பீட்சாக்கடைத் தாளும் ஒண்டுதான்.”

“அம்மா ஒருத்தரும் விடுபடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“மச்சாள் சொல்லுவா. முப்பத்தோராம் நாள் வெறுங்கையோட நிண்டா ஆரை ஏசுறது? உம்மைத்தானே?”

அது உண்மை. புதுக் கணினியைப் பற்றி யோசிக்கவே முடியாது. டொலர் ஏறிய பிறகு அந்த எண்ணத்தை ஜீவராஜ் கைவிட்டிருந்தார். ஆனால் நினைவகம் போதாது என்றால் நினைவகம் வாங்கிப் போடலாம் அல்லவா? அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கொட்டாஞ்சேனையில், அச்சக நாளிலிருந்து தெரிந்த லவினாவின் கடையில் இறங்கினார். கணினி விற்பதும் திருத்துவதுமாக அந்தக் கடையை அவள் தனியாகவே நடத்தினாள். மரம் நின்றுபோன கதையைச் சொல்லி, இரண்டு ஜிபி இருந்த இடத்தில் எட்டுப் போடும்படி ரேம் தகடுகளை வாங்கினார். எந்தக் கணினிக்கு என்று அவள் கேட்டதற்கு, “என்னோடதுக்குத்தான்” என்றார். எந்த விண்டோஸ் என்று கேட்டதற்கு, “எல்லாரும் வச்சிருக்கிறதுதான்” என்றார். கூட்டம் நெரித்தது, அவளும் அதற்கு மேல் தோண்டவில்லை.

காலையில் தகடுகளைப் பொருத்திக் கணினியைத் தட்டினார். விவரப் பக்கத்தில் எட்டு என்று இருந்தது. பக்கத்திலேயே, பயன்படுத்தக்கூடியது மூன்றேகால் என்றும் இருந்தது. கழற்றித் துடைத்து மாற்றிப் போட்டார். எட்டு. மூன்றேகால். மரத்தைத் திறந்தார். அதே பெட்டி, அதே இடம்.

பஸ்ஸில் கொட்டாஞ்சேனை போய்ச் சேருமுன் அவருடைய மனதுக்குள் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஜீவராஜ் தகடுகளைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

“எட்டுன்னு சொல்லி மூணேகாலைத் தலையில கட்டிட்டியே! கள்ளச் சாமான் விக்கிறதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

ஒருவர் கையிலிருந்த மௌஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். இன்னொருவர் அவர் பின்னால் போனார்.

“கத்தாதீங்க அண்ணே,” என்றாள் லவினா. காத்திருந்த சிங்களவர் ஒருவரிடம் திரும்பி, “பொட்டக் இன்ன மாத்தயா” என்று நிற்கச் சொன்னாள். தகடுகளை எடுத்துத் தன் சோதனைக் கணினியில் பொருத்தித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். எட்டு. முழு எட்டும் பயன்படுத்தக்கூடியது.

ஜீவராஜ் குனிந்து பார்த்தார்.

“அப்ப என் மெஷின்ல மிச்சம் எங்க போச்சு?”

“எங்கயும் போகல. அங்கதான் இருக்கு. உங்க மெஷினுக்கு அதைக் கூப்பிடத் தெரியல.” அவள் ஒரு கணம் யோசித்தாள். “அச்சகத்துல பில் புத்தகத்துக்கு நம்பர் அடிச்சிருக்கீங்கதானே? அந்த மெஷின்ல எத்தனை சக்கரம்?”

“நாலு.”

“ஒம்பதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது அடிச்ச பிறகு?”

“திரும்பச் சைபர்ல வந்து நிக்கும்.”

“இன்னும் நாலு கட்டு பேப்பர் கொண்டுவந்து வச்சா?”

“வச்சா என்னா, அதுக்கு நம்பர் இல்லியே.”

“அதேதான். ரேம்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் வேணும். நம்பர் இல்லாத இடத்துல கம்பியூட்டர் ஒண்ணையும் வைக்காது, எடுக்காது. உங்களோடது முப்பத்திரண்டு பிட் விண்டோஸ். முப்பத்திரண்டு சக்கரம், ஒவ்வொண்ணுலயும் சைபரும் ஒண்ணும் மட்டும். எல்லாத்தையும் சுத்தினாலும் நானூறு கோடிச் சொச்சம் நம்பர்தான் வரும். அது நாலு ஜிபியோட சரி. அதுக்கு மேல நீங்க வாங்கிப் போட்டது வெறும் பேப்பர் கட்டு.”

“நாலுன்னாலும் நாலு வரணுமே. ஏன் மூணேகால்?”

“பஸ்ல முன் சீட்டு மதகுருமாருக்குன்னு எழுதியிருக்குதானே? ஹாமுதுருவோ ஃபாதரோ ஏறினாலும் ஏறாட்டியும் அது அவங்களுக்கு. அதே மாதிரி நம்பர்ல கொஞ்சத்தைத் திரையில படம் காட்டுற கார்டுக்கும் மத்த கார்டுகளுக்கும் ஒதுக்கி வச்சிருக்கு. மிச்சம்தான் ரேமுக்கு.”

காத்திருந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர், “அப்ப நம்மெல்லாம் நின்னுக்கிட்டே போறது சரிதான்” என்றார். யாரோ சிரித்தார்கள். ஜீவராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி, அறுபத்துநாலைப் போட்டுத் தா.”

“போடலாம். பக்கம் கட்டுற உங்க பழைய புரோகிராம் அதுல ஏறாது. இத்தனை வருசத்துக் கல்வெட்டையும் திறக்க ஏலாமப் போகும். இன்னொண்ணும் கேளுங்க. படம் செய்ற புரோகிராமும் முப்பத்திரண்டுதான். எட்டில்ல, எண்பது போட்டாலும் விண்டோஸ் அது கையில ரெண்டுதான் கொடுக்கும். உங்க மரம் முட்டிக்கிட்டு நிக்கிறது அந்த ரெண்டுலதான்.”

ஜீவராஜ் பையிலிருந்த பென்டிரைவை எடுத்தார். லவினாவின் புதிய கணினியில், புதிய மென்பொருளில் மரத்தைத் திறந்து பார்த்தார்கள். படங்கள் எல்லாம் வந்தன. பெயர்கள் நகர்ந்துவிட்டன. பழைய எழுத்துருவின் அளவு மாறி, ஒருவரின் முகத்துக்குக் கீழே இன்னொருவரின் பெயர் நின்றது. ஒஸ்லோவில் உயிரோடு இருக்கும் ஒருவரின் கீழே ‘அமரர்’ என்று இருந்தது. முதலிலிருந்து ஒவ்வொரு பெயராக நகர்த்தி மறுபடி சரிபார்ப்பதற்கு நாள் இல்லை.

அவர் பென்டிரைவைக் கழற்றினார். வாசல்வரை போனவர் நின்றார். மிச்சமிருந்த ஆட்களைப் பார்த்து, எல்லோருக்கும் விளங்கும்படி சிங்களத்தில், “வரத மகே” என்றார். பிறகு லவினாவிடம் தமிழிலும் சொன்னார். “பிழை என்னோடது, தங்கச்சி. சாமான் நல்ல சாமான்.”

“போன ரெண்டு பேரையும் யாரு கூட்டிட்டு வர்றது?” என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல்.

அவள் கழற்றி நீட்டிய தகடுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் வெளியேறினார்.

பின்னேரம் நாலாம் மாடிக்கு ஏறினார். சிவானந்தனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அன்னபாக்கியம் சோபாவில் இருந்தார். சாருஜா தேத்தண்ணி கொண்டுவந்தாள். முத்துலிங்கம் மின்விசிறிக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டிருந்தார்.

“அம்மா, மெஷினால எல்லாரையும் ஒரே நேரத்துல வச்சிருக்க ஏலலீங்க,” என்றார் ஜீவராஜ். “இன்னும் சின்னதாக்கினா எல்லாரும் கொள்ளுவாங்க. ஆனா கண்ணும் மூக்கும் ஒண்ணாயிடும்.”

“என்னாலையும் எல்லாரையும் ஒண்டா நினைவிலை வைக்க ஏலாது தம்பி. அதுக்குத்தானே மரம் கேட்டனான்.”

“நான் அப்பவே சொன்னனான்,” என்றார் முத்துலிங்கம். “ரெண்டு தாளாப் போடும். எங்கட பக்கம் ஒண்டு, மச்சாள் பக்கம் ஒண்டு. ஆருக்கு எது வேணுமோ எடுக்கட்டும்.”

“ஆருக்கு எது வேணுமோவோ?” அன்னபாக்கியத்தின் குரல் உயரவில்லை. “அவர் என்ர தங்கச்சியின்ர படத்துக்காக எத்தினை தரம் ஒஸ்லோவுக்கு எடுத்தவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? தன்ர பக்கம், என்ர பக்கம் எண்டு பாத்தோ எடுத்தவர்?”

முத்துலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார்.

ஜீவராஜ் தொண்டையைச் செருமினார். “ஒரு வழி இருக்குங்க. ரெண்டு துண்டா செஞ்சு, ரெண்டையும் தனித்தனியா அச்சடிச்சு, கையால ஒட்டலாம். விரிச்சா ஒரே தாள்தான். ஆனா ஒட்டு எங்க வருதோ அங்க ஒரு கோடு தெரியும். எப்பவும் தெரியும். அது எங்க வரணும்னு நீங்கதான் சொல்லணும்.”

சாருஜா தகப்பன் கீறிய தாளை மேசையில் விரித்தாள். அன்னபாக்கியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வட்டங்கள் மேல் விரல் ஊர்ந்தது.

“மேலையும் கீழையுமா வெட்டினா?” என்றாள் சாருஜா.

“பேத்தியளை அப்பப்பாவிட்டை இருந்து பிரிக்கிறதோ? வேண்டாம்.” விரல் நகர்ந்தது. “இதிலை வேண்டாம். இதுகள் ரெண்டு குடும்பமும் ஏற்கெனவே கதைக்கிறேல்லை. நாங்களும் வெட்டிவிட்டம் எண்டு சொல்லுவினம்.” முத்துலிங்கம் இருமினார், அந்த இரண்டில் ஒன்று அவருடைய குடும்பம்.

விரல் தாளின் நடுவுக்கு வந்து நின்றது. அங்கே இரண்டு வட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இடையில் ஒரு சிறு கோடு.

“எங்கட ரெண்டு பேருக்கும் நடுவிலை வெட்டுங்கோ.”

“அம்மா!” என்றாள் சாருஜா.

“வெட்டு அங்கதான் விழுந்திருக்கு, பிள்ளை. பிறகேன் வேறை ஆக்களுக்கு நடுவிலை புதுசா ஒண்டு?”

ஜீவராஜ்தான் கேட்க வேண்டியிருந்தது. “பிள்ளைங்க எந்தப் பக்கம் வரணும் அம்மா?”

“என்ர பக்கம் வரட்டும்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அவர் அதுக்கெல்லாம் வழக்குப் பேசமாட்டார்.”

இரண்டாகப் பிரித்ததும் கணினி அடங்கியது. சிவானந்தனின் பக்கம் ஒரு கோப்பு. அன்னபாக்கியமும் பிள்ளைகளும் அவருடைய ஆட்களும் இன்னொரு கோப்பு. ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும். எட்டுப் போட்ட கணினியில் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒருதரமும் பார்க்க முடியவில்லை. கணவனிடமிருந்து புறப்படும் கோடு மனைவியிடம் சரியாகப் போய்ச் சேருமா என்பதைத் திரை சொல்லாது. ஜீவராஜ் ஒவ்வொரு பாதியிலும் அடிக்கோலைத் திரையில் வைத்தவர்போல் மேலிருந்து அளவெடுத்து, இரண்டு கோட்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தினார். மனைவி துஷ்யந்தி சாப்பிடக் கூப்பிட்டுத் தொலைபேசி எடுத்தபோது, “ஒரு கலியாணத்தை ஒட்டிக்கிட்டிருக்கேன், வையி” என்றார்.

தாள்கள் அச்சாகி வந்த மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. கொட்டாஞ்சேனை அச்சகத்தில் இயந்திரங்கள் ஓடவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜீவராஜும் அச்சகத்துக்காரரும் நீள மேசையில் தாள்களை அடுக்கினார்கள். முதல் தாளை ஒட்டினார். கோடு ஒரு மயிரிழை மேலே நின்றது. அதைக் கிழித்தார். இரண்டாவதில் பசை வழிந்தது.

ஷட்டருக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள் தெரிந்தன. லவினா குனிந்து உள்ளே வந்தாள்.

“கள்ளச் சாமான் விக்கிறவ வந்திருக்கேன். பசை இருக்கா?”

“கடை?”

“போயாதானே. எட்டு வாங்கிட்டு இங்க கையால ஒட்டிக்கிட்டு இருக்கிறதா அச்சகத்து அண்ணன் சொன்னாரு. பாக்காம விட ஏலுமா?”

அவள் கை அளவானது. மின்சுற்றுத் தகடுகளில் ஈயம் வைத்துப் பழகிய கை, ஒட்டு விளிம்பில் பசையை நூல்போல் இழுத்தது. ஜீவராஜ் கோட்டோடு கோட்டைப் பொருத்தினார். அச்சகத்துக்காரர் துணியால் நீவினார். பத்துப் பதினைந்து தாள்கள் சேர்ந்ததும் ஜீவராஜ் ஒன்றை மடித்துப் பார்த்தார். மடிப்பு ஒட்டின் மேலேயே விழுந்தது. அவர் சட்டென்று விரித்தார்.

“என்னா?”

“மடிச்சா அவரோட முகமும் அம்மாவோட முகமும் ஒண்ணு மேல ஒண்ணு வருது. பசை ஈரமா இருந்தா ரெண்டும் ஒட்டிக்கும். அங்க போய் விரிக்கிறப்போ கிழியும்.”

ஆகவே மடிக்கவில்லை. மேசை, கதிரைகள், ஓடாத இயந்திரங்கள், படிக்கட்டு என்று எங்கும் விரித்துக் காயவைத்தார்கள். மிதிக்காமல் நடக்க வழி இருக்கவில்லை. முழு மரத்தை ஜீவராஜ் அப்போதுதான் முதல்முறையாகக் கண்டார். கணினிக்குள் ஒருபோதும் இல்லாத அது, அறை முழுவதும் கிடந்தது.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கிரியைகள் முடிந்து இலை போட்டார்கள். வழக்கமாக ஜீவராஜ் கட்டுகளை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். சாருஜா விடவில்லை, பந்தியில் இருத்திவிட்டாள். எதிரே புத்தகங்கள் திறந்தன. கடைசிப் பக்கத்தை விரிக்க இரண்டு கைகள் போதவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மறு முனையைப் பிடித்தார்கள். “இஞ்சை பார், இது நீ” என்று ஒருவர் தன் மகனுக்குக் காட்டினார். கதைக்காத இரண்டு குடும்பங்களும் ஒரே தாளைப் பார்க்க வேண்டியிருந்தது. முத்துலிங்கம் ஒட்டைத் தடவிப் பார்த்து, “கோடு சரியாத்தான் இருக்கு” என்றார், குறை கிடைக்காத குரலில்.

அன்னபாக்கியம் இலைக்கு முன்னால் இருந்தார். மரம் அவருடைய மடியில் விரிந்து கிடந்தது. ஒரு முனையைச் சாருஜா பிடித்திருந்தாள். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வொரு முகத்தின் அருகிலும் குனிந்து பெயர் சொன்னார். கீழே அச்சடித்திருந்த பெயரை அவர் பார்க்கவில்லை. சோறு ஆறியது. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து நின்றார்; போனார்; மறுபடி வந்தார்.

“மச்சாள், சாப்பிடுங்கோ,” என்றார் முத்துலிங்கம். “மரம் எங்கையும் ஓடாது.”

“பொறுங்கோ,” என்றார் அன்னபாக்கியம், தலை நிமிராமல். “இன்னும் அவரின்ர பக்கம் முடியேல்லை.”